சுழற்சியும் சரிவும்: கருந்துளை வரலாற்றில் கொல்கத்தா

கருந்துளை என்பதற்கு இன்று உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயருக்குக் கொல்கத்தாவோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1756 ஜூன் 20 அன்று வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் படை வில்லியம் கோட்டையைக் கைப்பற்றியது. அன்றிரவு சிறைப்பட்டவர்கள் கோட்டையின் சிறிய காவல் அறை ஒன்றில் அடைக்கப்பட்டனர். மூச்சுத் திணறிப் பலர் மாண்டனர். உயிர் தப்பிய ஹோல்வெல், 146 பேரில் 123 பேர் இறந்ததாக எழுதிவைத்தார். இந்த எண்ணிக்கை மிகையானது என்பது பிற்கால வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. நம் பாடநூல்கள் ‘இருட்டறைத் துயரம்’ என்று குறிப்பிடும் நிகழ்ச்சி இதுவே. உள்ளே சென்றால் மீள முடியாத அந்த அறையைத்தான், தன் எடையாலேயே சரிந்து ஒடுங்கும் விண்மீனுக்கு உவமையாக, 1960களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி எடுத்தாண்டார் என்று அவர் உரையைக் கேட்ட ஹோங்-யீ சியூ பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1964இல் அச்சு ஏறிய அச்சொல்லை 1967க்குப் பின் ஜான் வீலர் உலகப் பொதுச்சொல்லாக்கினார்.

பெயர் இப்படி வந்தது. ஆனால் கருந்துளை அறிவியலில் கொல்கத்தாவுக்கு உரிய பங்கு இதைவிட ஆழமானது. இதைவிடக் குறைவாகவே பேசப்படுவது. ஈர்ப்பு ஒரு பொருளை உள்ளே இழுக்கிறது. அப்பொருளின் சுழற்சி அந்த இழுப்பை எதிர்க்கிறது. இறுதியில் வெல்வது எது? இந்தக் கேள்வியின் இரண்டு முக்கியமான விடைகள் அந்த நகரத்தில் எழுதப்பட்டன. ஒன்று 1950களில், அதற்கெனப் பணியமர்த்தப்படாத ஓர் இளைஞரால் எழுதப்பட்டது. மற்றொன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, கருந்துளைக்குள் விழும் வாயுவைப் பற்றி எழுதப்பட்டது.

கேள்வியின் தோற்றத்தை முதலில் காண வேண்டும். 1943இல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சீஃபர்ட், சில சுருள் விண்மீன் மண்டலங்களின் நடுப்பகுதி மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒளிர்வதை ஆராய்ந்தார். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தபோது, வாயுவிலிருந்து வரும் ஒளிக்கோடுகள் மெலிதாக இராமல் அகன்று பரந்திருந்தன. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப்பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் ஒளி சிவப்புப்பக்கமும் நகர்வதால் கோடு அகல்கிறது. அந்த அகலத்தைக் கணக்கிட்டால், மையத்தில் உள்ள வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் அலைகிறது என்று தெரிந்தது. இத்தகைய வேகத்தில் ஓடும் வாயு சிதறிப் போகாமல் இருக்க வேண்டுமானால், ஏதோ ஒரு பெரும் நிறை அதைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். அந்த நிறை எது என்று அன்று எவரும் கூறவில்லை. சீஃபர்ட்டின் தாள் பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமலே கிடந்தது.

அதே காலத்தில் கொல்கத்தாவில் சார்பியல் ஒரு புதிய சொல்லாக இருக்கவில்லை. 1920இலேயே மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைன், மிங்கோவ்ஸ்கி ஆகியோரின் மூலத் தாள்களை ஆங்கிலத்தில் பெயர்க்க, மகலனோபிஸ் வரலாற்று முன்னுரை எழுத, கல்கத்தா பல்கலைக்கழகம் அவற்றை நூலாக வெளியிட்டது. விண்மீன்களின் இறுதி நிலையை ஆராய்ந்து புகழ்பெற்ற சந்திரசேகர், சென்னை மாணவராக இருந்த 1928ஆம் ஆண்டின் கோடையைத் தம் சிற்றப்பா சி. வி. ராமனின் கொல்கத்தா ஆய்வகத்தில் கழித்தார். பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக் கணிதத் துறையில் நிகில் ரஞ்சன் சென் பொதுச் சார்பியலைக் கற்பித்து வந்தார். ஆயினும் 1940களின் இறுதியில், பொதுச் சார்பியலை நம்பி ஓர் இளைஞர் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியாது. உலகெங்கும் அது பரிசோதனைக்கு எட்டாத கணித அழகாகவே மதிக்கப்பட்டது. அணுக்கருவும் திண்மப் பொருளுமே அன்றைய இயற்பியலின் மையம்.

அமல் குமார் ராய்சௌதுரி 1923 செப்டம்பர் 14 அன்று பாரிசாலில் பிறந்தார். தந்தை கொல்கத்தாவில் பள்ளிக் கணித ஆசிரியர். மாநிலக் கல்லூரி என்று நாம் சென்னையில் சொல்வதைப் போன்ற பெருமை உடைய கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் 1942இல் இளநிலையும், பல்கலைக்கழகத்தில் 1944இல் முதுநிலையும் முடித்தார். 1945இல் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். ராமன் விளைவு கண்டறியப்பட்ட நிறுவனம் அது. அங்கே நான்கு ஆண்டுகள் பரிசோதனை இயற்பியலில் உழைத்தும் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. பின்னர் அசுதோஷ் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளரானார். வகுப்பு எடுத்த நேரம் போக எஞ்சிய பொழுதில், சென் அவர்களின் தூண்டுதலோடு, பொதுச் சார்பியலைத் தாமே கற்றார்.

1952இல் அறிவியல் வளர்ச்சிச் சங்கத்துக்குத் திரும்பியபோது அவருக்கு ஒதுக்கப்பட்ட பணி, உலோகங்களில் மின்னணுக்களின் ஆற்றல் நிலைகளைக் கணக்கிடுவது. அதற்குத்தான் ஊதியம். அவர் அதையும் செய்தார். ஆனால் அவரது மனம் பற்றிக்கொண்ட சிக்கல் வேறு.

அந்தச் சிக்கலின் ஒரு பக்கம் 1939இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட ஒரு தாளில் இருந்தது. ஈர்ப்பால் கட்டுண்டு வட்டப் பாதைகளில் சுற்றும் துகள்களின் திரள் ஒன்றை ஐன்ஸ்டைன் கற்பித்தார். திரளைச் சுருக்கச் சுருக்கத் துகள்களின் வேகம் ஏறும்; ஒரு கட்டத்தில் அவை ஒளியின் வேகத்தை எட்ட வேண்டிவரும்; அது இயலாது. ஆகவே, இன்று கருந்துளையின் எல்லை என்று அழைக்கப்படும் ஸ்வார்ஸ்சைல்டு ஆரத்துக்குள் பொருளை அடைப்பது இயற்கையில் நிகழாது என்பது அவரது முடிவு. சுற்றும் பொருள் சரியாது என்னும் நம்பிக்கையின் மிகத் தெளிவான வடிவம் இது. 1953இல் பிசிக்கல் ரிவ்யூ இதழில் ராய்சௌதுரி வெளியிட்ட தாள் இதற்கு மறுமொழி. பொருளை எந்த அளவுக்கும் செறிவாக்க முடியும். அந்த ஆரத்தில் தோன்றும் தடை இயற்பியல் சார்ந்த மெய்யான தடையல்ல என்று அத்தாள் வாதிட்டது.

மறுபக்கம் அண்டவியலைச் சார்ந்தது. விரியும் அண்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அடர்த்தி எல்லையற்றதாகி, சமன்பாடுகள் பொருளிழக்கும் ஒரு கணத்தை அடைகிறோம். இதை ஒருமைப்புள்ளி என்பர். அது மெய்யா, அல்லது கணக்கை எளிமையாக்க அண்டம் எத்திசையிலும் ஒரே சீராக இருப்பதாக வைத்துக்கொண்டதன் விளைவா? மணிச்சட்டத்தின் கம்பிகள் எல்லாம் துல்லியமாக ஒரே மையத்தை நோக்கி இருந்தால்தான் மணிகள் ஒரே இடத்தில் மோதும்; கம்பிகள் சற்றே கோணினால் மணிகள் ஒன்றையொன்று தவறவிட்டு நகர்ந்துவிடும் என்பது அன்றைய பலரின் எண்ணம். சீர்மையைக் கைவிட்டு, கோணலும் சுழற்சியும் உடைய மெய்யான பொருளை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ராய்சௌதுரி கேட்டார்.

அவர் 1954இல் அனுப்பிய தாள் 1955 மே மாதம் பிசிக்கல் ரிவ்யூவில் வெளிவந்தது. இன்று ராய்சௌதுரி சமன்பாடு என்று பாடநூல்கள் குறிப்பிடுவது அதில் உள்ளது. அதன் சாரத்தைச் சொற்களில் இவ்வாறு கூறலாம். ஈர்ப்பு ஒன்றின் வயப்பட்டே நகரும் துகள்களின் ஒரு சிறு கூட்டத்தை எண்ணிக்கொள்வோம். அதன் கன அளவு பெருகும் அல்லது சுருங்கும் வீதத்தை நான்கு காரணிகள் மாற்றுகின்றன. பொருளின் ஈர்ப்பு கூட்டத்தைக் குவிக்கிறது. ஏற்கெனவே நிகழ்ந்துவரும் சுருக்கம் மேலும் குவிக்கிறது. கூட்டத்தின் உருவம் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் ஒடுங்கும் திரிபும் குவிக்கவே செய்கிறது. எதிர்த்து நிற்பது ஒன்றே ஒன்று: சுழற்சி.

இதில் வியப்புக்குரியது மூன்றாவது காரணி. கோணலும் சீரின்மையும் மோதலைத் தவிர்க்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, திரிபு சரிவுக்குத் துணைபோகிறது என்ற விடை கிடைத்தது. மணிச்சட்டத்தின் கம்பிகளைக் கோணலாக்கினால் மட்டும் தப்ப முடியாது. தப்பும் வழி ஒன்று உண்டென்றால், அது சுழற்சியின் வழி மட்டுமே. இவ்வளவு பொதுவான முடிவுக்கு அவர் எந்தக் குறிப்பிட்ட வடிவத்தையும் சீர்மையையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே சமன்பாட்டின் வலிமை.

உடனடி வரவேற்பு கொல்கத்தாவில் இல்லை. ஹாம்பர்கைச் சேர்ந்த ஹெக்மான், ஜோர்டான் போன்றவர்களின் கவனத்துக்கு அது சென்றது தெரிந்த பிறகே அவருக்குத் துணிவு பிறந்தது. தயக்கத்தோடு முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டை அளித்தார். அதை மதிப்பிட்டுப் பாராட்டியவர்களில் ஒருவர் ஜான் வீலர். பின்னாளில் கருந்துளை என்ற பெயரை உலகெங்கும் பரப்பிய அதே வீலர்தான். 1961இல் ராய்சௌதுரி பிரெசிடென்சி கல்லூரியின் பேராசிரியராகி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கேயே கற்பித்தார். கல்லூரித் தெருவின் அந்த வகுப்பறையில் அவரிடம் பயின்ற தலைமுறைகள், சமன்பாட்டால் அல்ல, ஆசிரியராகவே அவரை முதலில் அறிந்தன. 2005 ஜூன் 18 அன்று அவர் காலமானார்.

சமன்பாட்டின் முழுப்பயன் 1965இல் வெளிப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, சோவியத் இயற்பியலாளர்கள் லிஃப்ஷிட்ஸும் கலாத்னிகோவும் பொதுவான நிலையில் ஒருமைப்புள்ளி தோன்றாது என்று அறிவித்திருந்தனர். ரோஜர் பென்ரோஸ் வேறு வழியை மேற்கொண்டார். அவர் துகள்களை விட்டு ஒளிக்கதிர்களை எடுத்தார். ஒரு மூடிய பரப்பிலிருந்து செங்குத்தாகப் புறப்படும் ஒளிக்கதிர்க் கற்றைக்குச் சுழற்சி இல்லை. இது வடிவியலே தரும் உறுதி. வெளிநோக்கிச் செலுத்திய ஒளியும் குவிந்துகொண்டே போகும் அளவுக்கு ஈர்ப்பு முற்றிய பரப்பு ஒன்று உருவாகிவிட்டால், ராய்சௌதுரி கண்ட ஒரே எதிர்ப்பு அங்கே இயல்பாகவே நீங்கிவிடுகிறது. குவிதல் தவிர்க்க முடியாததாகிறது. சரியும் விண்மீன் சுழன்றாலும், கோணலாக இருந்தாலும், அதன் உள்ளே ஒருமைப்புள்ளி தோன்றியே தீரும். 1970இல் ஹாக்கிங்கும் பென்ரோஸும் சேர்ந்து இதை விரிவாக்கினர். சோவியத் குழுவும் தம் முந்தைய முடிவைக் கைவிட்டது.

கணிதம் கருந்துளை உருவாகலாம் என்று காட்டியது. அது வானில் உள்ளதா என்பதை வாயுவிடமே கேட்க வேண்டியிருந்தது. நமது பால்வீதியும் ஒரு சுருள் விண்மீன் மண்டலமே. அதன் மையம் ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இடையில் உள்ள தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைப்பதால், 1970களின் இறுதியில் சார்ல்ஸ் டவுன்ஸும் அவரது குழுவினரும் அகச்சிவப்பு ஒளியில், அயனியாகிய நியான் வாயு உமிழும் 12.8 மைக்ரோமீட்டர் கோட்டைப் பின்தொடர்ந்தனர். மையத்தை நெருங்க நெருங்க வாயுவின் வேகம் ஏறியது. வேகத்தின் இருமடியை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் உள்ளே இருக்கும் நிறை கிடைக்கும். பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்கு. விடை, சூரியனைப்போல் சில மில்லியன் மடங்கு நிறை, அதாவது பல லட்சம் மடங்கு.

பலர் இதை ஏற்கவில்லை. அவர்களின் மறுப்பில் நியாயம் இருந்தது. விண்மீன் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படும். வாயு அப்படியல்ல; காந்தப்புலம் அதைத் திருப்பும், விண்மீன்களின் காற்று அதைத் தள்ளும், அதன் சொந்த அழுத்தமே அதை விரட்டும். வாயுவின் வேகத்தை வைத்து நிறையைக் கணிப்பது, கூட்டத்தில் தள்ளாடுபவனைப் பார்த்து அவன் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டுவது போன்றது. அவனை யாரேனும் தள்ளியும் இருக்கலாம். டவுன்ஸோடு பணியாற்றிய ரைன்ஹார்ட் கென்சலும், அமெரிக்காவில் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 1990களில் வாயுவை விட்டு விண்மீன்களைப் பின்தொடரத் தொடங்கியது இதனால்தான். எஸ்2 என்னும் விண்மீன் மையத்தை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதை அவர்கள் அளந்தனர். நிறை 40 லட்சம் சூரியன்களுக்குச் சற்று மேல் என்று உறுதியாயிற்று. வாயு முன்பே கூறியது ஏறத்தாழ அதுவே.

வாயு எல்லா இடங்களிலும் நம்பத்தகாத சாட்சி அல்ல. என்ஜிசி 4258 என்னும் சுருள் விண்மீன் மண்டலத்தின் மையத்தில் நீராவி மூலக்கூறுகள் இயற்கையான மேசராக ரேடியோ அலையை உமிழ்கின்றன. 1995இல் மியோஷியும் அவரது குழுவினரும் அதை அளந்தபோது, ஓர் ஒளியாண்டுக்கும் குறைந்த ஆரத்தில் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவு வேகத்தில், கோள்கள் சூரியனைச் சுற்றும் அதே கெப்ளர் விதிப்படி வாயு சுற்றுவது தெரிந்தது. உள்ளே இருப்பது ஏறத்தாழ 4 கோடி சூரிய நிறை. சுருள் அல்லாத எம்87 மண்டலத்திலோ நிலைமை வேறு: அங்கே வாயுவின் இயக்கம் தந்த நிறை, விண்மீன்களின் இயக்கம் தந்த நிறையில் பாதி அளவுதான். 2019இல் நிகழ்வெல்லைத் தொலைநோக்கி 650 கோடி சூரிய நிறை என்று கண்டு, விண்மீன்களின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆக, வாயுவின் சாட்சியத்தைப் படிக்க வேண்டுமானால் வாயு எப்படி விழுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இங்கே கொல்கத்தா மறுபடியும் வருகிறது. கருந்துளைக்குள் வாயு விழுவதற்கு அதுவரை இரண்டு எல்லைச் சித்திரங்கள் இருந்தன. 1952இல் ஹெர்மன் போண்டி வரைந்தது, சுழற்சியே இன்றி எல்லாத் திசைகளிலிருந்தும் நேராக விழும் வாயு. 1973இல் ஷகூராவும் சுன்யேவும் வரைந்தது, முழுச் சுழற்சியோடு மெல்லிய வட்டாகச் சுற்றி, உராய்வால் கோண உந்தத்தை வெளியே கடத்தி, மெல்ல உள்நோக்கி நகரும் வாயு. இயற்கையின் வாயு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: கொஞ்சம் சுழற்சி உண்டு, வட்டப் பாதையில் நிற்கப் போதுமானது இல்லை. இந்த இடைநிலையை 1980களின் இறுதியிலிருந்து முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் சந்தீப் சக்ரவர்த்தி. பின்னர் கொல்கத்தாவின் சத்யேந்திரநாத் போஸ் தேசிய மையத்தில் பணியாற்றி, தம் ஆய்வை அங்கே தொடர்ந்தார்.

அவர் கண்டதை அறிய ஒரு தொட்டிக் குழாய் போதும். குழாய் நீர் தட்டையான தரையில் விழும்போது, விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய படலமாக விரைந்து பரவி, சற்றுத் தள்ளி ஒரு வளையத்தில் திடீரென உயர்ந்து மெதுவாகிறது. ஹூக்ளி ஆற்றில் பேரலை ஏறும்போது நீர் சுவராக எழும் ‘பான்’ இதே வகையைச் சேர்ந்தது. அது நகர்கிறது, குழாயடி வளையம் நிற்கிறது. கருந்துளையை நோக்கி ஒலியின் வேகத்தை மிஞ்சி விழும் வாயு, நெருங்க நெருங்கத் தன் சிறு சுழற்சியின் எதிர்ப்பை உணர்கிறது. ஈர்ப்பைவிட அந்த எதிர்ப்பு மேலோங்கும் ஓர் இடத்தில் அது தடைபட்டு, அதிர்வலையாகக் குவிந்து, சூடாகி, தடித்து நிற்கிறது. திண்மையான மேற்பரப்பே இல்லாத கருந்துளைக்குச் சுழற்சி ஒரு போலி எல்லையைக் கட்டித்தருகிறது. ஆனால் மேலும் உள்ளே ஈர்ப்பு மீண்டும் வெல்கிறது. வாயு இரண்டாம் முறை ஒலிவேகத்தைக் கடந்து உள்ளே மறைகிறது.

1995இல் லெவ் டிட்டார்ச்சுக்குடன் இணைந்து அவர் வெளியிட்ட தாள், மெல்லிய வட்டும் குறைச்சுழற்சி வாயுவும் ஒருங்கே பாய்வதாகக் கொண்டு, அந்தச் சூடான பகுதியே உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களை உண்டாக்குகிறது என்று விளக்கியது. விண்மீன் அளவுக் கருந்துளைக்கும் விண்மீன் மண்டல மையத்தின் பெருங்கருந்துளைக்கும் ஒரே அமைப்பு பொருந்தும் என்பது அதன் கோரிக்கை. இதனோடு போட்டியிடும் வேறு மாதிரிகளும் உண்டு, விவாதம் முடியவில்லை.

ராய்சௌதுரி சமன்பாட்டில் வரும் சுழற்சியும், வாயு கருந்துளையைச் சுற்றும்போது கொண்டிருக்கும் கோண உந்தமும் ஒரே அளவு அல்ல. முன்னது ஒரு சிறு கூட்டம் தன்னைத்தானே சுற்றுவது. பின்னது முழு ஓட்டமும் மையத்தைச் சுற்றுவது. இரண்டையும் ஒன்றாக்குவது பிழை. ஆனால் இரு ஆய்வுகளும் கேட்ட கேள்வி ஒரே வகையானது. விடையின் அமைப்பும் ஒன்றே: சுழற்சி மெய்யாகவே எதிர்க்கிறது, எதிர்த்துத் தாமதப்படுத்துகிறது, அதிர்வலையும் ஒளியும் பிறக்கக் காரணமாகிறது, போதுமான அளவு நெருங்கியபின் அது தோற்கிறது.

2020இல் இயற்பியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி பென்ரோஸுக்கும், மறுபாதி கென்சல், கெஸ் ஆகிய இருவருக்கும் சென்றது. கருந்துளை உருவாவதே பொதுச் சார்பியலின் உறுதியான விளைவு என்று காட்டியதற்கு முதற்பாதி. நமது சுருள் மண்டலத்தின் மையத்தில் உள்ள பெருநிறையை அளந்ததற்கு இரண்டாம் பாதி. முதற்பாதியின் அடித்தளத்தில் ராய்சௌதுரியின் சமன்பாடு இருக்கிறது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அப்போது வயது 97. 2022 மே 12 அன்று பால்வீதி மையத்தின் படம் வெளியானபோது உலகம் கண்ட ஒளிவளையம், சுழன்றுகொண்டே சூடேறும் வாயு விட்டுச்சென்ற ஒளிதான்.

உலோகங்களைக் கணக்கிட ஊதியம் பெற்ற ஒருவர், எவரும் கேட்காத ஒரு கேள்வியை எஞ்சிய நேரத்தில் முழுமையாகக் கேட்டதால் கிடைத்தது அந்தச் சமன்பாடு. அதற்குத் தொலைநோக்கியோ பெரும் நிதியோ வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழகம் 1920இல் அச்சிட்ட ஒரு நூல், சார்பியலைக் கைவிடாமல் கற்பித்த ஓர் ஆசிரியர், எங்கோ ஹாம்பர்கில் அதைக் கருத்தூன்றிப் படித்த சிலர், இவை வேண்டியிருந்தன. இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்த இளைஞர் உலோகங்களோடு நின்றிருக்கக்கூடும். கருந்துளை என்ற சொல்லில் 1756இன் இருட்டறையைக் கேட்கும் உலகம், அதே நகரத்தில் 1955இல் எழுதப்பட்ட அந்தச் சில பக்கங்களையும் சேர்த்துக் கேட்பது நியாயமாகும்.